டெல்டாவில் பழைய டெஸ்க்டாப்: வாங்குவது முதல் ஐப்பசி மழை வரை

கம்பெனிகளும் வங்கிகளும் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துத் தள்ளும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவைதான் செகண்ட் ஹேண்ட் கடைகளில் அதிகம் கிடைப்பவை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிப் பார்சலில் போட்டாலும் சரி, திருச்சியிலோ தஞ்சாவூரிலோ நேரில் பார்த்து எடுத்தாலும் சரி, இவை நல்ல சரக்கு. ஆனால் இதுவரை இவை இருந்தது ஏசி அறையில், பெரிய யுபிஎஸ்ஸின் பாதுகாப்பில். இனி இருக்கப்போவது சுவரில் ஓதம் ஏறும் வீட்டில், சாயங்காலம் லோ வோல்டேஜ் வரும் லைனில், அறுப்புக் காலத்தில் சுணை பறக்கும் தெருவில். அங்கே வருடக்கணக்கில் ஓடியது இங்கே வந்த சில மாதத்தில் படுத்துவிட்டால் பெரும்பாலும் வயதைக் குறை சொல்ல முடியாது. ஈரம், தூசி, கரண்ட் என்ற மூன்றில் ஏதாவது ஒன்றுதான் காரணமாக இருக்கும். புதிதாக வாங்காமல் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே இந்த மூன்றுக்கும் எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு மெஷின் பாருங்கள்.

எதை எடுப்பது

ப்ராசஸர் பெயரில் கோட்டுக்குப் பிறகு வரும் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம்தான் தலைமுறை. ஐ5-4570 என்றால் நான்காம் தலைமுறை, ஐ5-6500 ஆறாம் தலைமுறை, ஐ5-8500 எட்டாம் தலைமுறை. கடைக்காரர் "ஐ5 சார்" என்று மட்டும் சொன்னால் போதாது. முழு எண்ணைக் கேளுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெலில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். ஏறும், ஆனால் பின்னால் வரும் பெரிய அப்டேட்டுகளுக்கு யாரும் பொறுப்பில்லை.

அதனால் வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கைரேகை மெஷின், பாமினி, வானவில் எழுத்துருவில் ஓடும் டிடிபி வேலை என்றால் விண்டோஸ் வேண்டும், எனவே எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். பிள்ளைகள் படிப்பு, பட்டா சிட்டா எடுப்பது, கடிதம் அடிப்பது, வீடியோ பார்ப்பது என்றால் நான்காம் தலைமுறை மெஷினில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளம் போட்டால் இன்றும் சுகமாக ஓடும். நான்காம் தலைமுறை பெரும்பாலும் டிடிஆர்3 ராம் கேட்கும், ஆறாம் தலைமுறை ஆபீஸ் மெஷின்களில் டிடிஆர்4 வரும். ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் உட்காராது. உள்ளங்கை அகல மினி மாடல்களில் லேப்டாப் ராம்தான் போடப்பட்டிருக்கும். கோர் 2 டுவோ மெஷினை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். அதற்குச் செலவழிக்கும் கரண்டும் நேரமும் வீண்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. பிராண்டட் மெஷின்களில் எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்டை மெஷினுக்கு ஏற்ப மாற்றித் தரும் பெட்டி, அந்தந்தக் கம்பெனியின் சொந்த அளவு. டெல்லிலும் எச்பியிலும் பல மாடல்களில் மதர்போர்டுக்கு வரும் கனெக்டரே வேறு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 24 பின் எஸ்எம்பிஎஸ் நேரடியாகச் சேராது. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஏற்கெனவே பலர் வைத்திருக்கும் மாடலையே எடுத்தால், நாளைக்கு ஒரு பாகம் போனால் கிடைக்கும்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

ஏற்கெனவே ஆன் செய்து வைத்திருக்கும் மெஷினைப் பார்த்து வாங்காதீர்கள். அணைக்கச் சொல்லி, கேபினெட் ஆறிய பிறகு நீங்களே ஆன் செய்யுங்கள். டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1 அழுத்தினால் பயாஸ் என்ற, விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் அமைப்புத் திரை திறக்கும். பாஸ்வேர்டு கேட்டால் அதைக் கடைக்காரர் நீக்கித் தரும் வரை பணம் கொடுக்க வேண்டாம். பழைய கம்பெனி போட்ட பூட்டு அது, பின்னால் பென்டிரைவில் பூட் செய்யவே விடாது. தேதி பல வருடம் பின்னால் நின்றால் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. அது சின்னச் செலவு, அதற்காக மெஷினை ஒதுக்க வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் இருந்தால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டுங்கள். 05, சி5, சி6 என்ற மூன்று வரிசைகளிலும் கடைசி மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5-இல் எண் இருந்தால் அந்த டிஸ்க்கில் முக்கியமான எதையும் வைக்கக் கூடாது.

பிறகு பக்கக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். வெளியே ஸ்பிரே பெயின்ட் அடித்துப் புதிதாக்கிவிடலாம், உள்ளே முடியாது. ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைக் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்புக் கசிவு இருந்தாலோ விட்டுவிடுங்கள். போர்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் தண்ணீரோ எலி மூத்திரமோ பட்ட மெஷின். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் ஓடிய மெஷின் என்றால் பின்பக்க யுஎஸ்பி, விஜிஏ வாய்களின் தகட்டையும் திருகுகளையும் பாருங்கள். அங்கே துரு இருந்தால் ராம் ஸ்லாட்டிலும் உப்புக் காற்று வேலையைக் காட்டியிருக்கும்.

எல்லா யுஎஸ்பி வாயிலும் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் ப்ராசஸர் வெப்பத்தைப் பாருங்கள். 80 டிகிரிக்குள் நின்றால் நல்லது. மானிட்டர் தனியாக இருந்தால் கேபிளையும் யோசியுங்கள்: பல ஆப்டிபிளெக்ஸ்களில் எச்டிஎம்ஐ கிடையாது, விஜிஏவும் டிஸ்பிளேபோர்ட்டும்தான். டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் மாற்றி வாங்க வேண்டும். எதிர்த்திசை மாற்றி இதற்கு வேலை செய்யாது. வைஃபையும் பெரும்பாலும் இருக்காது, யுஎஸ்பி டாங்கிள் ஒன்று வாங்க வேண்டும்.

முதலில் எர்த்

மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளக்கைச் செருகுவதற்கு முன் வயர்மேனை ஒருமுறை கூப்பிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்து அந்த மூன்று முனை சாக்கெட்டில் அவர் மூன்று அளவு பார்க்க வேண்டும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230-ஐ ஒட்டி வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது அளவு வரவே இல்லை என்றால் சாக்கெட்டில் ஓட்டை மட்டும் இருக்கிறது, எர்த் இல்லை.

எர்த் இல்லாத சாக்கெட்டில் கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புத் தகட்டுக்கு இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் போகின்றன. எர்த் அறுந்தால் தகடு 230-இல் பாதியில், அதாவது 115 வோல்ட் சுமாரில் மிதக்கும். ஓடும் மின்சாரம் மிகக் குறைவு, ஆனால் ஈரத் தரையில் வெறுங்காலோடு உட்காரும் பிள்ளைக்கு அது விளையாட்டல்ல. யுஎஸ்பி வாய்கள் போவதற்கும் பிரிண்டர் போர்டு எரிவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

டெல்டா மண்ணில் எர்த்துக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலத்தில் களிமண் ஈரமாக இருந்து எர்த் நன்றாகப் பிடிக்கும். பங்குனி, சித்திரையில் அதே மண் வெடித்து, புதைத்த குழாயை விட்டு விலகி நிற்கும். கார்த்திகையில் சரியாக இருந்த எர்த் சித்திரையில் இல்லாமல் போவது இதனால்தான். மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் வரை, வாரத்துக்கு இரண்டு முறை எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

யுபிஎஸ்ஸா, இன்வெர்ட்டரா

ஆபீஸ் மெஷினும் மானிட்டரும் சேர்ந்து சாதாரண வேலையில் 60, 80 வாட்தான் இழுக்கும். 600 விஏ யுபிஎஸ் ஒன்று தாராளம். புது பேட்டரியோடு கால் மணி நேரம் தாங்கும்; சேமித்துவிட்டு அணைக்க அது போதும். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும், நீங்களே திருகைக் கழற்றி மாற்றலாம். மாதம் ஒருமுறை வேலையைச் சேமித்துவிட்டு யுபிஎஸ்ஸின் பிளக்கை அணைத்துப் பாருங்கள். உடனே மெஷின் போய்விட்டால் பேட்டரி தீர்ந்தது. லேசர் பிரிண்டரை இதில் செருகவே கூடாது. தாளைச் சூடாக்கும் பகுதி மட்டுமே நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும்.

வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டுபவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அது சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரை நல்ல எஸ்எம்பிஎஸ்கள் பல ஏற்காமல் உறுமும், அல்லது அணைந்துவிடும். அடுத்தது, யுபிஎஸ் மோடுக்கான ஸ்விட்ச். அது சாதாரண மோடில் இருந்தால் கரண்ட் போகும்போது மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் ஃபேனுக்கு ஒன்றும் தெரியாது, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் மோடில் போட்டால் அந்தத் தொல்லை தீரும், ஆனால் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவும். போர்வெல் மோட்டார்கள் ஓடிக் கரண்ட் தாழும் ஊரில் இப்படியே பேட்டரி காலியாகிவிடும். அங்கே இன்வெர்ட்டரைச் சாதாரண மோடிலேயே விட்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் தனிச் சின்ன யுபிஎஸ் வைப்பதே சரி.

லோ வோல்டேஜ் தனியாக இந்த மெஷின்களைக் கொல்வதில்லை. பெரும்பாலான பிராண்டட் எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். கொல்வது, நொடிக்கு நொடி போய்ப் போய் வரும் கரண்டும், புயலுக்குப் பிறகு நியூட்ரல் அறுந்த லைனும். மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போனால் சிங்கிள் பேஸ் வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கிக்கூட வரலாம். காற்று மழைக்குப் பின் கரண்ட் வந்ததும் பிளக்கைச் செருகாதீர்கள். முதலில் விளக்கும் ஃபேனும் கால் மணி நேரம் வழக்கம்போல் ஓடட்டும். விளக்கு கண்ணைக் கூசும்படி எரிந்தால் மெயினை அணையுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்த பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாட்களில் யுபிஎஸ்ஸையும் அதன் பட்டனில் அணைத்து வையுங்கள். பேட்டரி முழுக்க இறங்கிய நிலையிலேயே கிடந்தால் திரும்ப ஏறாது.

அசெம்பிள் செய்த பழைய மெஷின் என்றால் எஸ்எம்பிஎஸ் பின்னால் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருக்கலாம். அது 230-இல்தான் நிற்க வேண்டும். அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

எஸ்எஸ்டி, ராம், இன்ஸ்டால்

பழைய மெஷினுக்குச் செய்யக்கூடிய ஒரே பெரிய உபகாரம், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி. 2.5 அங்குல சாட்டா வகையில் 240 அல்லது 256 ஜிபி போதும். நீள சீட்டு போல இருக்கும் எம்.2 வகை நான்காம் தலைமுறையில் பெரும்பாலும் சேராது, அதற்குப் பிந்தையவற்றிலும் எல்லா மாடலிலும் இடம் இருக்காது. ராம் 8 ஜிபி. ஒரே 8-ஐ விட 4 ஜிபி இரண்டாகப் போட்டால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்கு நல்லது. பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் நகல் வைக்க இரண்டாவதாக உள்ளேயே இருக்கட்டும்.

பார்சலில் வந்த மெஷினை நேரே ஆன் செய்யாமல், திறந்து ராமையும் கேபிள்களையும் ஒருமுறை அழுத்தி உட்கார வைத்துவிடுங்கள். பிறகு பயாஸில் மூன்று மாற்றம்:

1. சாட்டா ஆபரேஷன் என்பது ஏஎச்சிஐ ஆக இருக்கட்டும். டெல்லில் பெரும்பாலும் ரெய்டு என்று இருக்கும். இதை இன்ஸ்டாலுக்கு முன்பே மாற்ற வேண்டும். பின்னால் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும்.

2. ஏசி ரெக்கவரி, அல்லது பவர் லாஸுக்குப் பின் என்ற அமைப்பு: பவர் ஆஃப். இது கரண்ட் வந்ததும் மெஷினைத் தானாக எழவிடாது. வந்து வந்து போகும் கரண்டில் இந்த ஒரு அமைப்பு எஸ்எஸ்டியையும் ஃபைல்களையும் காப்பாற்றும்.

3. தேதி, நேரம். பேட்டரியை மாற்றிய பிறகு சரிசெய்யுங்கள்.

8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸுக்கு ரூஃபஸ், மின்ட்டுக்கு எட்சர் என்ற மென்பொருள் கொண்டு இன்ஸ்டால் செய்யும் கோப்பை எழுதுங்கள். டெல்லிலும் லெனோவோவிலும் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். மற்றதைத் திரையே கேட்கும். இன்டர்நெட் இல்லையென்றால் போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் ஆன் செய்தால் டிரைவர்கள் இறங்கிவிடும். கடைக்காரர் போட்டுக் கொடுத்த விண்டோஸை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே கிராக் செய்த ஆக்டிவேட்டர் இருக்கலாம், அதன் வழியே என்ன நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது.

தமிழில் அடிக்க, மின்ட்டில் கீபோர்டு லேஅவுட் பட்டியலிலேயே தமிழ்99 இருக்கிறது. பிள்ளைகளை முதல் நாளே தமிழ்99-இல் பழக்குங்கள். ஒலிபெயர்ப்பில் பழகிய விரல் பிறகு வளையாது.

வைக்கும் இடம்

தரையில் வேண்டாம். ஒன்றரை அடி உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல், பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். வெளிச்சுவரில் ஓதம் ஏறினால் அந்த ஈரம் கேபினெட்டுக்கு உள்ளேயும் போகும். சாம்பிராணிப் புகையும் சமையல் ஆவியும் வரும் இடத்தையும் தவிருங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டினால் ப்ரஷ்ஷுக்கு வராது.

அடைமழைக் காலத்தில் மெஷினைச் சும்மா வைத்திருப்பதுதான் தவறு. ஐப்பசி, கார்த்திகையில் வேலை இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். உள்வெப்பமே ஈரத்தை விரட்டும். இடி இடிக்கும்போது பவர் பிளக்கோடு, செம்புக் கம்பியில் வரும் நெட்வொர்க் கேபிளையும் பிடுங்குங்கள். பலர் அதை மறந்துவிடுவதால்தான் நெட்வொர்க் வாய் மட்டும் போன மதர்போர்டுகள் ரிப்பேர் கடையில் குவிகின்றன.

அறுப்பு முடிந்ததும் வயல் எலி வீட்டுக்கு வரும். கேபினெட்டின் பின்னால் காலியான கார்டு ஸ்லாட் திறந்திருந்தால் அதுதான் வாசல். தகட்டு மூடி போட்டுத் திருகுங்கள், அட்டை வைத்தால் கடித்துவிடும். எறும்புச் சாக்பீஸ், அந்துருண்டை எதையும் உள்ளே போட வேண்டாம். ஓடும் மெஷினைத் துணியால் மூடாதீர்கள். அணைத்து ஆறிய பிறகு மூடலாம்.

வருடத்துக்கு இரண்டு முறை சுத்தம்

சம்பா, தாளடி அறுப்பு ஓய்ந்த பிறகு பங்குனியில் ஒன்று, மழைக்கு முன் புரட்டாசி கடைசியில் ஒன்று. கொள்முதல் நிலையத்துக்கோ ரைஸ் மில்லுக்கோ அருகில் வீடு என்றால் இடையில் இன்னொன்று. நெல் சுணை சாதாரணத் தூசி மாதிரி அல்ல. மயிர் போன்ற நுனிகளால், ப்ராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே பின்னிக்கொண்டு கம்பளிபோல் படியும். மழைக்காலத்தில் அந்தப் படிவு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்துங்கள். திண்ணைக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோய்த் திறங்கள். ஓர் அங்குல பெயின்ட் ப்ரஷ்ஷால் தளர்த்தி, ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது காற்றாடியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் அதிவேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்று கூடவே கூடாது, அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். எஸ்எம்பிஎஸ்ஸை வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்துங்கள். அதன் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும் கெபாசிட்டர் உண்டு.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். மெஷினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி அணைத்தால் பழைய பேஸ்ட் இளகும். கூலரின் நான்கு திருகுகளையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, நேரே இழுக்காமல் லேசாகத் திருப்பி எடுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரு பக்கமும் பளிச்சென்று துடைத்து, நடுவில் துவரம்பருப்பு அளவு பேஸ்ட் வைத்து, கூலரை நேராக இறக்கி, மறுபடி எதிரெதிர் மூலையாக முடுக்குங்கள். விரலால் தடவி விட வேண்டாம். காற்றாடி வயரைச் செருகினோமா என்று மூடுமுன் பாருங்கள்.

கெட்டால் எங்கே பார்ப்பது

காற்றாடி ஓடுகிறது, திரையில் ஒன்றும் இல்லை: பத்தில் ஆறேழு ராம். மழைக்காலத்தில் இது வெகு சாதாரணம். ராமைக் கழற்றி, தங்க நிற முனையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, ஒரு ராமை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டாகப் போட்டுப் பாருங்கள்.

ஆன் ஆனதும் இரண்டு விநாடியில் அணைந்து மறுபடி எழுகிறது: ஹார்ட் டிஸ்க், டிவிடி, முன்பக்க யுஎஸ்பி வயர் எல்லாவற்றையும் கழற்றிப் பாருங்கள். அப்போதும் அதே நிலை என்றால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம். பல டெல் மாடல்களில் எஸ்எம்பிஎஸ் பின்னாலேயே சோதனைப் பட்டன் இருக்கும். அழுத்தினால் பச்சை விளக்கு எரிய வேண்டும்.

பத்து நிமிடத்தில் தானாக அணைகிறது: சுணை அடைத்த ஹீட்சிங்க் அல்லது காய்ந்த பேஸ்ட். எல்லா இணையதளமும் பாதுகாப்பு இல்லை என்கிறது: தேதியைப் பாருங்கள், சிஆர்2032 போயிருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் சத்தம்: உடனே நகல் எடுங்கள், வேறு எதையும் முயல வேண்டாம்.

நகலுக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம், பட்டா, பயிர்க் காப்பீட்டு ரசீது, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றின் ஸ்கேன் மெஷினில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமோ கிளவுடிலோ ஒன்று. வெளி டிஸ்க்கை எப்போதும் மாட்டியே வைக்காதீர்கள். மின்னலும் வைரஸும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

வெள்ளத்தில் மூழ்கிய மெஷினை ஆன் செய்து பார்க்கவே கூடாது. தண்ணீரை விட, ஈரத்தில் பாயும் கரண்ட்தான் போர்டை அரிக்கும். முதல் வேலையாகச் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் போடுங்கள், அதைக் காயவைத்து மறுபடி பயன்படுத்துவது ஆபத்து. மதர்போர்டிலிருந்து ப்ராசஸரைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, டிஸ்டில்டு தண்ணீரில் சேறு போகக் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஊற்றி அலசி, நேர் வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் காயவிடுங்கள். எஸ்எஸ்டியும் ராமும் இதே முறையில் பெரும்பாலும் பிழைக்கும். ஹார்ட் டிஸ்க்கைத் திறக்காமல், காயவைக்க முயலாமல், காற்றுப் புகாத பையில் போட்டு டேட்டா மீட்பவரிடம் அப்படியே கொடுங்கள். உள்ளே சேறு காய்ந்துவிட்டால் அவராலும் எடுப்பது கடினம்.